வாடகை வீட்டு ஜன்னலில் வெயிலைத் தடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்ததும் வாடகை வீட்டில் இருக்கிற நண்பர்களும் சொந்தக்காரர்களும் எங்கள் பிளாக்கில் குடியிருப்பவர்களும் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. கணக்கு எல்லாம் சென்னையை வைத்துத்தான். மற்ற ஊர்களுக்கு எங்கே மாறுமோ அங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

1. ஜன்னலைத்தான் சாத்தி வெச்சிருக்கேனே, அப்புறம் எப்படி உள்ளே இவ்வளவு சூடு?

சாத்திய கண்ணாடி காற்றைத்தான் நிறுத்தும், வெயிலை நிறுத்தாது. சாதாரண வெள்ளைக் கண்ணாடியில் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நேராக உள்ளே வந்துவிடும். வந்த வெயில் தரையிலும் கட்டிலிலும் சுவரிலும் பட்டு அவற்றைச் சூடாக்கும். சூடான பொருள்கள் திரும்ப வெளியிடுவது வேறு வகைக் கதிர். அது கண்ணாடி வழியே நேராக வெளியே போக முடியாது. அதனால் உள்ளே வந்த சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது.

இது எவ்வளவு சூடு என்று புரிய ஒரு கணக்கு. 4 அடிக்கு 4 அடி ஜன்னல் என்றால் சுமார் ஒன்றரை சதுர மீட்டர். மே மாதம் மாலை 4 மணிக்கு மேற்கு பார்த்த அந்த ஜன்னல் வழியே தோராயமாக 700 வாட் சூடு உள்ளே இறங்கும். அயர்ன் பாக்ஸை ஆன் செய்து அறை நடுவில் வைத்துவிட்டுப் போன மாதிரி. அறையில் இரண்டு ஜன்னல் இருந்தால் இரண்டு அயர்ன் பாக்ஸ்.

2. எல்லா ஜன்னலுக்கும் வாங்கக் காசில்லை. எதை முதல்ல மறைக்கணும்?

மேற்கை. சந்தேகமே வேண்டாம். மதியம் 2 மணியிலிருந்து சூரியன் மறையும்வரை மேற்கு ஜன்னல் நேர் வெயிலை வாங்கும். அந்த நேரத்தில் வெளிக்காற்றும் சூடு, சுவரும் சூடு. கிழக்கு ஜன்னலிலும் காலை 7 முதல் 10 வரை ஏறக்குறைய அதே அளவு வெயில் விழும். ஆனால் அப்போது காற்று அவ்வளவு சூடாக இருக்காது, வீடும் இரவில் ஆறியிருக்கும். அதனால் கிழக்கு இரண்டாவது.

தெற்கு ஜன்னலைப் பற்றித்தான் பலரும் தவறாக நினைக்கிறார்கள். சென்னையில் ஏப்ரல் 25 வாக்கில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். கத்திரி வெயில் காயும் மே மாதத்தில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழவே விழாது. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இது ஏப்ரல் நடுவிலேயே தொடங்கிவிடும். தெற்கு ஜன்னலில் வெயில் வருவது மார்கழி, தை மாதங்களில். அப்போது அது தொந்தரவும் இல்லை.

வடக்கு ஜன்னலில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்வாகக் கொஞ்சம் வெயில் வரும். ஒரு மெல்லிய திரை போதும். உங்கள் வீடு சரியாகத் திசை பார்த்து இல்லை என்றால் ஒரு விடுமுறை நாளில் தரையைப் பாருங்கள். எந்த ஜன்னலின் வெயில் கட்டம் எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை தரையில் கிடக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் உங்கள் வீட்டு வரைபடம் கையில் இருக்கும்.

3. ஜன்னலுக்கு மேலே சன்ஷேட் இருக்கே, அது போதாதா?

தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்குப் போதும். உச்சி வெயில் மேலிருந்து இறங்குவதால் ஒன்றரை அடி சன்ஷேட்டின் நிழல் ஜன்னல் முழுவதையும் மூடிவிடும்.

மேற்கில் அது வேலை செய்யாது. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அந்தச் சாய்வில் ஒன்றரை அடி சன்ஷேட்டின் நிழல் கீழே ஒரு அடிதான் இறங்கும். 4 அடி ஜன்னலில் 3 அடி வெயிலில் நிற்கும். 5 மணிக்கு அந்த நிழலும் அரை அடியாகிவிடும். தாழ்ந்து வரும் வெயிலைத் தடுக்க ஜன்னலுக்கு எதிரே நெட்டுக்குத்தாக ஏதாவது நிற்க வேண்டும்.

4. கனமா திரைச்சீலை போட்டிருக்கேன். "பிளாக்அவுட்"னு சொல்லித்தான் வித்தாங்க. வெளிச்சம் போச்சு, சூடு போகலையே?

திரைச்சீலை வெயிலைச் சந்திக்கும் இடம் கண்ணாடிக்கு உள்பக்கம். அதற்குள் வெயில் வீட்டுக்குள் வந்தாயிற்று. துணி அதை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குத்தான் கொடுக்கும். மாலை 4 மணிக்குத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள், உடனே தெரியும்.

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறை கொடுக்கும் கணக்கில், மேற்கு ஜன்னலுக்கு வெளியே போடும் துணிப் பந்தல் வெயில் சூட்டை 77 சதவீதம் வரை குறைக்கும். உள்ளே மாட்டும் திரைச்சீலை, பின்புறம் வெள்ளைப் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால்கூட, 33 சதவீதம்தான் குறைக்கும். பத்தாயிரம் ரூபாய்த் திரைச்சீலையை விட வெளியே கட்டிய ஒரு மூங்கில் தட்டி நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

திரைச்சீலை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதையும் பயன்படுத்தலாம். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். கருநீலமோ காப்பிக்கொட்டை நிறமோ இருந்தால் பின்னால் ஒரு பழைய வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். வெள்ளை, வந்த வெயிலில் ஒரு பங்கைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். திரையின் மேல்பக்கமும் இருபுறமும் சுவரோடு ஒட்டியிருந்தால் நடுவே மாட்டிக்கொண்ட சூடான காற்று அறைக்குள் சுற்றுவது குறையும்.

5. சரி, வெளியே எதைத் தொங்கவிடுறது?

என் முதல் தேர்வு மூங்கில் தட்டி, அதாவது சுருட்டி ஏற்றி இறக்கும் மூங்கில் திரை. குச்சிகளுக்கு நடுவே காற்று வரும், கொஞ்சம் வெளிச்சமும் வரும். வெயில் போனதும் சுருட்டிவிடலாம். சென்னையில் சாலையோரத்தில் பின்னிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அளவு சொன்னால் செய்து தருவார்கள். துணி லைனிங் வைத்ததை வெளிப்பக்கத்துக்கு வாங்க வேண்டாம். மழையில் லைனிங் பூசணம் பிடிக்கும், காற்றும் வராது. ஜன்னலை விட இரு பக்கமும் அரை அடி அகலமாக இருக்கட்டும். மாலை வெயில் ஓரத்தில்தான் நுழையும்.

அடுத்தது மாடித்தோட்டத்துக்குப் போடும் நிழல் வலை. நர்சரியிலும் ஹார்டுவேர் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்பதை வைத்து 50, 75, 90 சதவீதம் என்று வகை உண்டு. மேற்கு ஜன்னலுக்கு 75 அல்லது 90 வாங்குங்கள். வலை கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கக் கூடாது. நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தால் வலையின் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வெளிர் நிறமோ வெள்ளி நிறமோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பச்சையே போதும்.

இரண்டும் வாங்க முடியாத மாதம் என்றால் கோரைப்பாய், தென்னங்கீற்றுத் தட்டி, வெள்ளைக் காடாத்துணி எதுவும் சரி. கீற்று ஒரு கோடை தாங்கும். பாய் மழையில் நனைந்தால் வீணாகும். துணி வெளுக்கும், கிழியும், துவைத்துக் கட்டலாம். பழைய தெர்மாகோல் அட்டை மட்டும் வேண்டாம். காற்றில் உடைந்து தெருவெல்லாம் பறக்கும், தீப்பிடித்தால் சட்டென்று பற்றும்.

6. ஹவுஸ் ஓனர் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். எப்படி மாட்டுறது?

பெரும்பாலான வீடுகளில் ஆணியே தேவையில்லை. ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால் இரும்புக் கம்பி பெரும்பாலும் வெளிப்பக்கம் இருக்கும். கண்ணாடியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கையை விட்டு, கம்பியின் வெளிப்புறம் வலையை விரித்து கேபிள் டையால் கட்டிவிடலாம். மேல் இரண்டு மூலை, கீழ் இரண்டு மூலை, நடுவில் ஒரு சாணுக்கு ஒன்று. வலையின் ஓரத்தை இரண்டாக மடித்து, மடிப்பு வழியே டையைக் கோத்தால் கிழியாது. கறுப்பு டை வாங்குங்கள், வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். மூங்கில் தட்டிக்குக் கம்பியின் மேல் குறுக்கில் இரண்டு எஸ் கொக்கி போதும்.

பால்கனி என்றால் இன்னும் சுலபம். துணி காயப்போட மேலே கட்டியிருக்கும் கம்பியிலோ பைப்பிலோ தட்டியைத் தொங்கவிட்டு, கீழ்முனையைக் கைப்பிடிச் சுவரின் கிரில்லில் கட்டிவிடலாம். ஜன்னல் குழிக்குள் மாட்ட ஸ்பிரிங் வைத்த ராடு கடைகளில் கிடைக்கிறது. இரண்டு சுவருக்கும் நடுவே முறுக்கி நிறுத்தினால் அழுத்தத்தில் நிற்கும். துணி, வலை போன்ற எடை குறைந்தவற்றை அது தாங்கும், மூங்கிலைத் தாங்காது.

எந்த முறையானாலும் கீழ்ப்பக்கத்தைக் கட்டாமல் விடாதீர்கள். கோடை மழைக்கு முன் வீசும் காற்றில் மேலே மட்டும் கட்டிய தட்டி பிய்த்துக்கொண்டு கீழே போகும். இரண்டாவது, மூன்றாவது மாடியிலிருந்து அது யார் தலையிலாவது விழுந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துக் கட்டுங்கள். ஜன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டித்தான் கட்ட முடியும் என்றால் அந்த வேலையை நீங்கள் செய்யவே வேண்டாம். தட்டி விற்பவர்களிடம் கட்டித்தரக் கேளுங்கள்.

ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது எப்போதும் நல்லது. "சுவரில் ஓட்டை போடவில்லை, காலி செய்யும்போது கழற்றிவிடுவேன்" என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். புதிதாக எழுதும்போதே ஜன்னல் மறைப்புக்கு அனுமதி உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் அட்வான்ஸில் பிடித்தம் செய்யும் பேச்சு வராது.

7. எங்க ஜன்னல் பழைய மாடல். கதவு வெளியே திறக்கும், கம்பி உள்ளே இருக்கு. தட்டியை எங்கே கட்டுறது?

இதற்கு இரண்டு வழி. பகலில் ஜன்னல் கதவைத் திறந்தே வைப்பவர் என்றால் கம்பியிலேயே கட்டுங்கள். கதவு திறந்திருக்கும்போது நடுவில் கண்ணாடி இல்லை. தட்டியின் சூடு கொஞ்சம் உள்ளே வரும், ஆனாலும் திரைச்சீலையை விட எவ்வளவோ மேல்.

கதவை மூடி வைப்பவர் என்றால் துணியைக் கதவுக்கே போர்த்துங்கள். கதவைத் திறந்து, கனமான வெள்ளைத் துணியைக் கதவின் மேல்விளிம்பில் போட்டு, பெரும்பகுதி வெளியே தொங்கும்படி விட்டு, ஒரு சாண் அளவு உள்ளே வரட்டும். உள்ளே வந்த முனையில் இரண்டு கிளிப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் சட்டம் துணியைக் கவ்விக்கொள்ளும். துணியின் கீழ் மூலைகளில் நாடா தைத்து அதையும் கதவின் கீழ்ப்பக்கமாக உள்ளே இழுத்துக் கட்டிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வெயில் கண்ணாடியைத் தொடாது.

8. கண்ணாடியில அலுமினியத் தாள் ஒட்டினா சூடு வராதுன்னு வீடியோ பார்த்தேன். ஒட்டலாமா?

அலுமினியத் தாள் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. பளபளப்பான பக்கம் வெளியே இருக்க வேண்டுமா, மங்கல் பக்கமா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கண்ணாடியில் நேராக ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டேப்பின் பசை வெயிலில் வெந்து கண்ணாடியிலும் சட்டத்திலும் கறையாகப் படியும். எதிர்வீட்டுக்காரர் கண்ணில் மாலை முழுவதும் வெளிச்சம் அடிக்கும். பகலிலும் விளக்குப் போட்டு உட்கார வேண்டியிருக்கும்.

யாரும் பகலில் இல்லாத அறை, அவசரத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், ஜன்னல் அளவுக்கு அட்டைப்பெட்டியை வெட்டி, அதில் தாளைச் சுற்றி, கண்ணாடிக்கு உள்ளே கொஞ்சம் இடைவெளி விட்டுச் சாய்த்து வையுங்கள். மாலையில் எடுத்துவிடலாம். உள்பக்கம் போடுகிற மறைப்புகளில் இதுதான் நன்றாக வேலை செய்யும்.

9. அப்போ சன் கன்ட்ரோல் ஃபிலிம்?

வெளியே எதுவுமே கட்ட முடியாத வீட்டுக்கு ஃபிலிம் நல்ல வழிதான். ஆனால் வாங்குமுன் மூன்று விஷயம். முதலாவது, வெறும் கறுப்பு ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும் அளவுக்குச் சூட்டைக் குறைக்காது. அது வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியையே சூடாக்கும், அதில் ஒரு பங்கு உள்ளே வரும். வெளியே திருப்பி அனுப்பும் பளபளப்பு வகையையோ, சூட்டுக் கதிரைத் தனியாகத் தடுக்கும் வகையையோ கேளுங்கள்.

இரண்டாவது, கண்ணாடி விரிசல். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியின் நடுப்பகுதி அதிகமாகச் சூடாகும், சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் ஆறியிருக்கும். அந்த வித்தியாசத்தில் கண்ணாடி வெடிக்கலாம். சாதாரண வெள்ளைக் கண்ணாடிக்கு இந்த ஆபத்து குறைவு. ஏற்கெனவே நிறம் கொண்ட கண்ணாடி, நடுவே கம்பி வலை வைத்த கண்ணாடி, ஓரத்தில் சில்லு பெயர்ந்த கண்ணாடி என்றால் ஒட்ட வேண்டாம். உடைந்தால் செலவு உங்கள் தலையில்தான்.

மூன்றாவது, பளபளப்பு ஃபிலிம் பகலில்தான் கண்ணாடி போல மறைக்கும். இரவில் உள்ளே விளக்குப் போட்டால் வெளியே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். இரவுக்குத் திரைச்சீலை தனியாக வேண்டும். வாடகை வீட்டுக்குப் பசை இல்லாமல் தண்ணீர் தெளித்து ஒட்டும் வகை பொருத்தம், உரித்தால் சுத்தமாக வந்துவிடும்.

10. கறுப்பு ஃபிலிமுக்குக் கோர்ட் தடை இருக்காமே?

2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது வாகனக் கண்ணாடிகளில் ஒட்டுவதை. வீட்டு ஜன்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

11. எல்லாத்தையும் மறைச்சா வீடு குகை மாதிரி ஆயிடுதே?

நாள் முழுவதும் மறைக்கத் தேவையில்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன தாளை எடுங்கள். கிழக்குத் தட்டியைக் காலை 10 மணிக்குச் சுருட்டிவிடலாம். மேற்குத் தட்டியை 1 மணிக்கு இறக்கினால் போதும். தெற்கையும் வடக்கையும் மூடாமல் விட்டாலே வீட்டில் படிக்கும் அளவு வெளிச்சம் இருக்கும்.

தட்டிக் கயிறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் கயிற்றை வளையமாகத் தொங்கவிடக் கூடாது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. கை எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

12. மத்தியானம் ஜன்னலைத் திறக்கணுமா, மூடணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இருவர் சொல்வதும் சரிதான், நேரமும் ஊரும் வேறு. வெளிக்காற்று உள்ளே இருப்பதை விடக் குளிர்ச்சியாக இருந்தால் திற, சூடாக இருந்தால் மூடு. வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் மே மாதம் காலை 10 மணியிலிருந்து மாலை வரை வெளியே அனல். அந்த நேரம் மூடி வைத்து, இரவு முழுவதும் திறந்து வைப்பதுதான் முறை.

சென்னையில் கடற்காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான நாட்களில் நண்பகலுக்கும் 2 மணிக்கும் இடையே கிழக்கிலிருந்து கடற்காற்று நுழையும். அது வரும்வரை மூடி வையுங்கள், வந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறங்கள். அந்த நேரம் கிழக்கில் வெயிலும் இருக்காது. காற்று வெளியேற மேற்கில் ஒரு வழி வேண்டும் அல்லவா? அங்கேதான் ஐந்தாவது கேள்வியில் சொன்ன மூங்கில் தட்டி கைகொடுக்கும். மேற்குக் கண்ணாடியைத் திறந்து, தட்டியை இறக்கி வைத்தால் வெயில் நுழையாது, காற்று கடந்து போகும். திரைச்சீலையோ ஃபிலிமோ இந்த வேலையைச் செய்யாது.

மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று நுழையத் தாமதமாகும். சென்னையில் வெயில் மிகக் கடுமையாகக் கொளுத்துவது அந்த நாட்களில்தான். அப்போது வெளியே அனல் தணியும்வரை பொறுத்திருந்து திறங்கள்.

13. வெட்டிவேர் தட்டியில தண்ணி தெளிச்சா ஏ.சி. மாதிரி இருக்கும்னு பாட்டி சொல்றாங்க. சென்னையில வேலை செய்யுமா?

பாட்டி சொல்வது காற்று உலர்ந்த ஊருக்கு முழுக்க உண்மை. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாகாது, குளிர்ச்சியும் வராது, புழுக்கம்தான் கூடும். ஆகவே உள்மாவட்டங்களில் தாராளமாகச் செய்யுங்கள். சென்னையில் கடற்காற்று வருவதற்கு முன் வறண்ட மேற்குக் காற்று வீசும் நேரத்தில் மட்டும் பலன் தெரியும். கடற்காற்று நுழைந்த பிறகு தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். ஜன்னல் திறந்து காற்று தட்டியின் ஊடே வர வேண்டும், மூடிய கண்ணாடிக்கு முன்னால் ஈரத்துணி தொங்கவிடுவதில் பயனில்லை. கீழே தண்ணீர் பிடிக்க வைத்த பாத்திரத்தை அன்றன்றே கொட்டிவிடுங்கள், டெங்கு பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும்.

14. எங்ககிட்ட ஏ.சி. இருக்கு. எதுக்கு இந்தத் தொல்லையெல்லாம்?

1 டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய சூடு சுமார் 3,500 வாட். முதல் கேள்வியில் சொன்ன ஒரு மேற்கு ஜன்னல் மட்டும் 700 வாட் கொண்டுவருகிறது, அதாவது ஏ.சி.யின் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு அந்த ஒரு ஜன்னலுக்கே போகிறது. மறைத்துவிட்டால் கம்ப்ரஸர் அடிக்கடி ஓய்வெடுக்கும், மின்கட்டணம் குறையும். ஓனர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில் இது இன்னும் உறைக்கும்.

ஒன்று கவனியுங்கள். வலையையோ தட்டியையோ வெளியே இருக்கும் ஏ.சி. பெட்டியின் மேல் போர்த்திவிடாதீர்கள். அது சூடான காற்றை ஊதித் தள்ள வழி வேண்டும். அடைத்தால் நேர்மாறாக மின்செலவு கூடும்.

15. பால்கனியில கொடி ஏத்தினா நிழல் வருமா?

வரும், இலை நிழலைப் போல இதமான நிழல் வேறு இல்லை. தட்டி வெயிலில் சூடாகும், இலை தன் ஈரத்தால் அவ்வளவு சூடாகாது. வாடகை வீட்டுக்கு ஒரே பருவத்தில் வளர்ந்துவிடும் கொடிதான் சரி. பாகல், பீர்க்கு, அவரை, சங்குப்பூ எதையும் வளர்ப்புப் பையில் போட்டு, நைலான் கயிறு கட்டி ஏற்றலாம். ஏப்ரலில் நிழல் வேண்டும் என்றால் தை மாதத்திலேயே விதைக்க வேண்டும். மே மாதம் விதை வாங்கி வந்து கேட்பவர்களுக்கு இந்த ஆண்டு தட்டிதான் வழி.

மேற்கு வெயிலில் பை சீக்கிரம் காயும், காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தேவைப்படும். கீழ்வீட்டுக்காரர் மேல் ஒழுகாமல் தட்டு வையுங்கள்.

16. சொன்னதெல்லாம் பண்ணியாச்சு. ராத்திரி பத்து மணிக்கும் ரூம் கொதிக்குது. என்ன தப்பு?

தப்பு ஜன்னலில் இல்லாமல் இருக்கலாம். இரவில் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், பிறகு ஸ்டூல் போட்டு மேற்கூரையைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் உள்சுவர் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். செங்கல்லும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை மெதுவாகக் கடத்தி இரவில்தான் உள்ளே விடும். சுவர்தான் சூடு என்றால் கட்டிலை அங்கிருந்து நகர்த்துங்கள். அந்தச் சுவரை ஒட்டி மர அலமாரியையோ புத்தக அடுக்கையோ வைத்தால் சூடு உங்கள் மேல் நேராக வீசாது. பால்கனிப் பக்கச் சுவர் என்றால் தட்டியை ஜன்னலோடு நிறுத்தாமல் சுவரையும் மறைக்கும்படி நீட்டுங்கள்.

மேற்கூரை சூடு என்றால், நீங்கள் மொட்டை மாடிக்குக் கீழ்த்தளம் என்றால், நேர்மையாகச் சொல்கிறேன்: ஜன்னல் மறைப்பு உங்கள் பிரச்சினையில் ஒரு பகுதியைத்தான் தீர்க்கும். நம் ஊரில் கோடையில் அதிக வெயில் வாங்குவது படுத்துக் கிடக்கும் கூரைதான். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பதற்கு ஓனரிடம் பேசுங்கள். அவர் கட்டிடத்துக்கும் அது நல்லது, செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். அதுவரை இரவில் இரண்டு பக்க ஜன்னலையும் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வைத்துச் சூடான காற்றைத் தள்ளுங்கள்.

17. பகல்ல அம்மா தனியா இருப்பாங்க, எழுபது வயசு. ஏ.சி. கிடையாது. இது போதுமா?

எந்த அறையில் வெயில் மிகக் குறைவாக வருகிறதோ அதை அவர்களின் பகல் அறையாக்குங்கள். பெரும்பாலும் அது தெற்கு அல்லது வடக்கு அறை. தட்டியைக் காலையில் நீங்களே இறக்கிவிட்டு வேலைக்குப் போங்கள், அவர்கள் கயிறு இழுக்க ஸ்டூல் ஏற வேண்டாம். மின்விசிறி அறையைக் குளிர்விக்காது, வியர்வையைக் காய வைத்து உடம்பைத்தான் குளிர்விக்கும். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி காற்றே உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அறையில் ஒரு சின்ன வெப்பமானி மாட்டி வையுங்கள்.

தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர், மோர் குடிக்கச் சொல்லி மதியம் ஒரு போன் செய்யுங்கள். பேச்சில் குழப்பம், உடம்பு கொதிப்பு, மயக்கம் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரரை ஓடச் சொல்லி 108-ஐ அழையுங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு எண்ணைக் கோடை தொடங்குமுன் வாங்கி வைப்பது எந்தத் தட்டியை விடவும் முக்கியம்.

18. அசோசியேஷன்ல வெளியே எதுவும் தொங்கக் கூடாதுன்னு விதி. ஓனர் ஓகேன்னாலும் அவங்க விடமாட்டாங்க.

முதலில் விதியை வாங்கிப் படியுங்கள். பல இடங்களில் தடை இருப்பது வெளிச்சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதற்கு. பால்கனிக்குள்ளேயே, கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாகத் தொங்கும் தட்டி அதில் வராமல் இருக்கலாம். பால்கனிக் கதவுக்கு அதுவே வெளிமறைப்புதான், பலன் அப்படியே கிடைக்கும். தோற்றம்தான் அவர்கள் கவலை என்றால் மேற்குப் பக்க வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிறத் தட்டி போடுகிறோம் என்று மனுக் கொடுங்கள். தனி ஆள் கேட்பதை விட ஐந்து வீடு கேட்பது எடுபடும்.

அப்படியும் நடக்காவிட்டால் ஒன்பதாவது கேள்வியின் ஃபிலிமும் நான்காவது கேள்வியின் வெள்ளை முதுகுத் திரைச்சீலையும் சேர்த்துப் போடுங்கள். வெளித்தட்டி அளவுக்கு வராது, ஆனால் ஒன்று மட்டும் போடுவதை விட நல்லது.

19. மழைக்காலத்துல கழற்றணுமா?

கழற்றுங்கள். அக்டோபருக்குள் எடுத்து, தூசி தட்டி, ஒரு நாள் காயவைத்து, சுருட்டிப் பரணில் போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு பால்கனியில் ஏறி நின்று கட்டை அவிழ்க்கும் வேலை வேண்டாம். ஈரத்தோடு சுருட்டிய மூங்கில் உளுத்துவிடும்.

20. அடுத்த வருஷம் வேற வீடு பார்க்கப் போறோம். இதுக்காக என்ன பார்க்கணும்?

தரகர் காலையில் கூட்டிப்போனால் வீட்டின் திசையைக் குறித்துக்கொண்டு, முன்பணம் கொடுக்குமுன் மாலை 4 மணிக்கு இன்னொரு முறை போங்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரில் கை வையுங்கள். மேற்கில் பக்கத்துக் கட்டிடமோ மரமோ நின்றால் அதுவே உங்களுக்கு இலவசத் தட்டி, ஆனால் மரம் நிற்பது காலி மனையிலா என்றும் கேளுங்கள், வீடு கட்டும்போது வெட்டிவிடலாம். மேற்கில் குளியலறையும் மாடிப்படியும் சமையலறையும் இருந்து, கிழக்கில் படுக்கையறை அமைந்த வீடு கிடைத்தால் வாடகை சற்றுக் கூடினாலும் யோசிக்கலாம். கம்பி வெளிப்பக்கமா உள்பக்கமா, பால்கனியில் மேலே கட்டக் கம்பி இருக்கிறதா, கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிராகத் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இன்னொரு தளம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள், பதினாறாவது கேள்வியில் சொன்ன கூரைச் சூடு அதைப் பொறுத்ததுதான்.

பழைய வீட்டைக் காலி செய்யும்போது கேபிள் டைகளை வெட்டி எடுத்து, கம்பியில் துரு தெரிந்தால் துடைத்து, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, எல்லா ஜன்னலையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தட்டியைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோகலாம். புதிய ஜன்னல் அகலமாக இருந்தால் பக்கத்தில் ஒரு முழம் வலை சேர்த்துக் கட்டினால் போதும்.